தண்ணீர் நிற்கக் கூடாது

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர்கூட ரப்பர் மரம் சீவப் போகவில்லை, நான் போகவிடவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். யார் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

ஐந்து பெற்று எப்படி ஆறு வளர்த்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. நாத்தனார் பிள்ளை என்பேன். நாத்தனார் எங்கே என்றால், பிரசவத்தில் போய்விட்டாள் என்பேன். அது பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த நோட்டில் நிறுத்தாமல் எழுதப் போகிறேன்.

எழுத்து எனக்குப் பாதிதான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோரு மாதம் இருந்தேன். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும்.

அப்போது நாங்கள் இருந்தது மலாயாவில், கிள்ளானுக்குக் கீழே, கடல் பக்கம், ஒரு தோட்டத்தில். பாதி தென்னை, பாதி ரப்பர். மூன்று பக்கம் பாக்காவ் என்கிற சதுப்பு மரம் நிற்கிற சேறு, நாலாவது பக்கம் ஆறு. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊருக்குப் போக ஒரு மண்பாதை இருந்தது. மழை மாதங்களில் அது வாய்க்காலாகிவிடும். அப்புறம் அரிசி வருவதும் தபால் வருவதும் நோயாளி போவதும் ஆற்றுவழிதான். ஆற்றில் தோட்டத்து லாஞ்சு ஒன்று, எஞ்சின் வைத்த படகு, ஓடியது. அதன் டிரைவர் என் வீட்டுக்காரர்.

ரப்பர் விலை விழுந்துபோன காலம் அது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பாதி காலி. காலி வீட்டுக் கதவுகள் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் எழுந்து போய்ச் சாத்தமாட்டார்கள். சாத்தினால் அடுத்து நம் வீடு காலியாகும் என்று ஒரு பேச்சு இருந்தது. நான் நம்பவில்லை, ஆனாலும் சாத்தவில்லை.

என் வீட்டுக்காரரின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அவள் புருஷன் அந்த வருஷம் குளிர் காய்ச்சலில் செத்துப்போனான். அவன் போகும்போது அவளுக்கு மூன்று மாதம். வயிற்றில் பிள்ளையோடும் வாயில் கேலியோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அழுவதை யாருக்கும் காட்டமாட்டாள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பார்த்து எனக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்ததே அவள்தான்.

லாஞ்சில் அந்த வருஷம்தான் புது எஞ்சின் போட்டிருந்தார்கள். சீமையிலிருந்து வந்தது. அதோடு ஒரு புத்தகமும் வந்தது. கார்த்திகை மாதம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை லீவில் தன் ஊருக்குப் புறப்பட்டார். செலவைக் குறைக்க லாஞ்சை ஆற்றங்கரைக் கொட்டகையில் ஏற்றி வைக்கச் சொன்னார். அவசரம் என்றால் மட்டும் இறக்க வேண்டும். ஏற்றி வைக்கும்போது எஞ்சினைப் புத்தகத்தில் சொன்னபடி பாதுகாக்க வேண்டும், ஏதாவது ஆனால் அடுத்த கப்பலில் நீதான் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகத்தில் இருந்தது சீமைக் குளிர்காலத்துக்கான பாடம். அங்கே ஆறே உறைந்து கல்லாகிப் போகுமாம். எஞ்சினுக்குள் தங்கிய தண்ணீரும் உறைந்து, விரிந்து, இரும்பைப் பிளந்துவிடுமாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். எங்கள் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார். குளிர்காலம் என்பதற்கு மார்கழி, தை என்று போட்டார். கிள்ளானில் மார்கழி என்றால் மழை. குளிர் என்றால் காய்ச்சல். வேறு குளிர் அங்கே யார் கண்டார்கள்?

கிராணி அதை ஒரு தடவை வேகமாகப் படித்துக் காட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு எழுத்து தெரியாது. கேட்டதெல்லாம் மனதில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தார்.

"ஏ புள்ள, செத்த வந்து அந்தப் பேப்பரப் படிச்சுச் சொல்லு."

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று என் பிள்ளைகளோடு போனேன். நாத்தனாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். லாஞ்சு தள்ளுகிற ஆட்கள் நான்கு பேர் நின்றார்கள். ஒரு பொம்பளை படிப்பதைப் பார்க்கவே நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது பிடித்திருந்தது.

கிராணி வேகமாக எழுதுகிறவர். புள்ளி வைக்கமாட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தேன்.

"மார்கழி... தை... மாதங்களில்... எஞ்சினுக்குள்... தண்ணீர்..."

அடுத்த சொல்லில் மாட்டிக்கொண்டேன். நிறகக என்று இருந்தது. நிறகக என்றால் என்ன? இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நாத்தனார் சிரித்தாள். "என்னா வாத்தியாரம்மா, மூச்சு நின்னுபோச்சா?"

எனக்கு முகம் சுட்டது. அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

"தண்ணீர்... கூடாது. குளிர் கண்டால் இரும்பு வெடிக்கும்."

கடகடவென்று முடித்துவிட்டேன். ஆட்கள் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்கழி முதல் தேதி எஞ்சினில் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்தார். ஆற்றுத் தண்ணீரை உள்ளே இழுக்கிற வால்வை இறுக மூடினார். கிரீஸ் தடவி, சாக்குச் சுற்றி, அதற்கு மேல் துரை வீட்டிலிருந்து கொடுத்த கம்பளியையும் போர்த்தினார்கள்.

தள்ளுகிற ஆட்களில் ஒருவர் சொன்னார், "நமக்குக் கிழிஞ்ச சாக்கு. எஞ்சின் தொரைக்குக் கம்பளி. குடுத்துவச்ச பொறப்புலா."

"குளிர் கண்டுருச்சுல்ல," என்றாள் நாத்தனார். "கொய்னா மருந்து குடுத்தீங்களாண்ணே? மூணு வேள குடுக்கணும். கசக்கும்னு துப்பிறப் போவுது, வாயப் புடிச்சுக்கிட்டுக் குடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள் புருஷனுக்கு நான்கு பேர் வாயைப் பிடித்துக்கொண்டு கொய்னா கொடுத்தது எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. கடைசிவரை சிரித்தது அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு மழை. இரவும் பகலும் மழை. ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் கொட்டகைக்குப் போய்க் கம்பளிக்குள் கைவிட்டு இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

"வெதுவெதுன்னுதான்டி இருக்கு. இந்த ஊர்ல எங்க குளிரு?"

"எழுதுனவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் பயமா இருக்கு."

அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது லயத்தில் எங்கோ ஒரு தகரம் விழுந்தது. அவர் தட்டை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். இரும்பு வெடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். திரும்பி வந்து சாப்பிடவில்லை.

கிராணி கோலாலம்பூரில் பெரிய ஆபீசுக்குப் போயிருந்தார். மழை விட்டால்தான் வருவார். அவர் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அவர்மேல் பழி போடவில்லை. அவருடைய தாளில் தப்பு இல்லை.

மார்கழி பாதியில் ஒரு நாள், நடுப்பகல், நாத்தனாருக்கு வலி கண்டது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. வலியோடு உதிரமும் போயிற்று. மருத்துவச்சி வந்து பார்த்தார். அவர் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளை எடுத்தவர், எதற்கும் அசையமாட்டார். அன்று வெளியே வந்து என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, இது என் கைக்கு அடங்காது. உதிரம் நிக்கல. வெளிச்சம் இருக்கச்சே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரு. லாஞ்சுல போனா ஒரு மணி நேரம். சம்பான்ல துடுப்புப் போட்டுப் போனா..."

கடல் நீர் ஆற்றில் ஏறியிருந்த நேரம். ஆட்கள் லாஞ்சைத் தள்ளி இறக்கிவிட்டார்கள். நாத்தனாரைப் பாயோடு தூக்கி வந்து பலகைமேல் படுக்க வைத்தோம். என் பிள்ளைகளை மருத்துவச்சியிடம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். என் வீட்டுக்காரர் கம்பளியைப் பிடுங்கி எறிந்தார், சாக்கை அவிழ்த்தார். தண்ணீர் வால்வில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

"ஏ புள்ள. தண்ணி விடாம எஞ்சின் ஓடாதே."

"மார்கழியில தண்ணி கூடாதுன்னு போட்டிருக்கு."

"தண்ணி இல்லாட்டி சூடேறிப் போயிரும்டி. எனக்குத் தெரியும்."

"விட்டா வெடிக்கும்னு எழுதியிருக்கே. நடு ஆத்துல வெடிச்சா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். மழைத் தண்ணீர் அவர் புருவத்தில் வடிந்துகொண்டிருந்தது.

"நல்லா ஓசிச்சுச் சொல்லு. தண்ணி கூடாதுன்னுதான் போட்டிருக்கா? வேற ஒண்ணும் இல்லியே?"

அந்தக் கொட்டகைச் சுவர் எனக்கு இருபது அடி தூரத்தில் இருந்தது. தாளும் இருந்தது. ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அதுதான் நேரம். நான்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆமா. கூடாதுன்னுதான்."

அவர் வால்விலிருந்து கையை எடுத்தார். கொஞ்சம் ஓட்டுவது, கொஞ்சம் ஆறவிடுவது, மறுபடி ஓட்டுவது என்று முடிவு செய்தார். ஆட்களில் இருவர் எங்களோடு வந்தார்கள்.

முதல் வளைவு வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு எஞ்சினிலிருந்து பெயின்ட் கருகுகிற வாடை வந்தது. நிறுத்தினார். ஆறவில்லை. நிறுத்திய நேரத்தில் ஆறு எங்களைப் பின்னால் இழுத்தது. நீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. மறுபடி கிளப்பினார். இரண்டாவது தடவை கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. எஞ்சின் முனகியது. பக்கத்தில் நிற்க முடியாத சூடு. இரண்டு பக்கமும் பாக்காவ் மரங்கள் வேரை நீட்டிக்கொண்டு நின்றன. கம்பம் என்கிற மலாய்க் குடியிருப்பு ஒன்றும் இல்லை, ஒரு புகையும் இல்லை.

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பாயில் ஈரம் பரவிக்கொண்டே வந்தது.

உள்ளேதானே தண்ணீர் கூடாது, வெளியே நனைத்தால் ஆறிவிடுமே என்று எனக்குத் தோன்றியது. ஒரு சாக்கை ஆற்றில் முக்கி எடுத்து எஞ்சின்மேல் போட்டேன். என் கையால் போட்டேன். அவர் "ஏய்" என்று கத்துவதற்குள் போட்டுவிட்டேன்.

டக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. காய்ந்த தேங்காய் ஓட்டைத் தட்டின மாதிரி. ஆவி அடங்கியதும் பார்த்தோம். இரும்பில் மேலிருந்து கீழே ஒரு கோடு.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இதை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

"பாத்தீங்களா? குளிர் பட்டதும் வெடிச்சிருச்சு. பேப்பர்ல போட்டது சரியாப்போச்சு."

நாத்தனார் கண்ணைத் திறந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. அந்த உதட்டில் சிரிப்பு இருந்தது.

"வாத்தியாரம்மா... சரியாத்தான் படிச்சிருக்காங்க."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஆறு எங்களைக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஆட்கள் பலகையைப் பிடுங்கித் துடுப்புப் போட்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மீன் பிடித்துத் திரும்பிய ஒரு மலாய்க்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் சம்பானைத் திருப்பி வந்தார். "சாக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார், நோயா என்று. பாயைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் தன் மீன் கூடைகளை ஆற்றில் கவிழ்த்துவிட்டு அவளைத் தன் சம்பானுக்கு மாற்றினார். ஆட்களை லாஞ்சோடு விட்டுவிட்டு, அவரும் என் வீட்டுக்காரரும் மாறி மாறித் துடுப்புப் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்த மீன் முழுவதையும் அவர் கொட்டினார். அவருக்கு நாங்கள் பிறகு எதுவும் செய்யவில்லை. எந்தக் கம்பத்துக்காரர் என்றுகூடக் கேட்கவில்லை.

கிள்ளான் படித்துறைக்கு வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. தாயிடம் உதிரம் மிச்சம் இல்லை.

வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நர்ஸ் பிள்ளையை என் கையில் கொடுத்தார். "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார். திட்டவில்லை. கேட்டார். நான் பிள்ளையின் தலையைத் துணியால் மூடினேன்.

மழை விட்டு கிராணி வந்தார். என் வீட்டுக்காரரைக் கொட்டகைக்கு அழைத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். யாரும் என்னை அழைக்கவில்லை.

"தண்ணியில்லாம எதுக்குய்யா ஓட்டுன?" என்று கேட்டார் கிராணி.

"தண்ணி கூடாதுன்னு போட்டிருந்துச்சுங்க."

"கூடாதுன்னா? எங்க போட்டிருக்கு?" கிராணி சுவரில் விரலை வைத்துப் படித்தார். "எஞ்சினுக்குள் தண்ணீர் நிற்கக் கூடாது. நிற்கக் கூடாதுய்யா. சும்மா போட்டு வைக்கிறப்ப தேங்கி நிக்கக்கூடாது. ஓடுறப்ப தண்ணி ஓடணும். இதுகூடவா தெரியாது? யாருய்யா ஒனக்கு இதப் படிச்சுச் சொன்னது?"

நிற்க. அவ்வளவுதான் அந்தச் சொல். மூச்சு நின்னுபோச்சா என்று அவள் கேட்டபோது அவள் வாயிலேயே அது இருந்தது.

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"யாரும் இல்லீங்க," என்றார். "நீங்க படிச்சதத்தான் மனசுல வச்சிருந்தேன். தப்பா வச்சிருந்துட்டேன்."

துரை சொன்னபடி அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. கைக்குழந்தையைக் காட்டி கிராணிதான் கெஞ்சியிருக்கிறார். வேலை போயிற்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தெரிந்தவர் ஒருவர் மூலம் ரயில்வேயில் கரி அள்ளப் போனார். எஞ்சின் ஓட்டிய கை, எஞ்சினுக்குக் கரி அள்ளியது. முப்பது வருஷம் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு ஒரு காகிதத்தையும் என் பக்கம் நீட்டவில்லை. ஊரிலிருந்து கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போவார். ரேஷன் சீட்டு, பள்ளிக்கூட நோட்டீஸ் எல்லாமே பக்கத்து வீடுதான். நாள்காட்டித் தாளில் அமாவாசை என்றைக்கு என்று பார்க்கக்கூட என் கடைசிப் பையனைத்தான் கூப்பிடுவார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சாகும்வரை அப்படித்தான்.

அந்தப் பெண்ணை என் பெண்ணாக வளர்த்தேன். என் பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்குத்தான் சோறு போட்டேன். மெதுவாகப் படித்தாலும் சரி, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், அடிக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லித்தான் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அவள் டீச்சரானாள். வாத்தியாரம்மா என்று ரோட்டில் யாராவது அவளைக் கூப்பிட்டால் நான்தான் முதலில் திரும்பிப் பார்ப்பேன்.

பேத்தி, நீ அவள் பெற்ற பெண். உன் அம்மாவைப் பெற்றவள் பிரசவத்தில் போனாள் என்றுதான் உன் அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதியிருக்கிறேன். முதலில் நீ படி. படித்த பிறகு என் கையால் சாப்பிடுவதும் சாப்பிடாததும் உன் இஷ்டம்.

இப்படி வந்து என் பக்கத்தில் உட்கார். முதல் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கும்படி படித்துக் காட்டு. புள்ளி விட்டுப்போன இடத்தில் வைத்துக்கொள். என் கையெழுத்தில் ஏதாவது சொல் தெரியவில்லை என்றால் நிறுத்தி என்னைக் கேள். ஒன்றையும் விழுங்கிவிடாதே.